கடைசி வண்டியைப் பிடித்த நிலவியலாளர்: ஹாரிசன் ஷ்மிட், ஒரு நிகழ்வு ஆய்வு

ஜியாலஜிக்குத் தமிழில் நிலவியல் என்று பெயர். நிலம் + இயல். ஆனால் அதை நிலவு + இயல் என்று பிரித்தாலும் பொருள் கெடாமல் பொருந்துகிற ஒரே ஒரு ஆள் உண்டு, அவர் ஹாரிசன் ஷ்மிட். நிலவில் கால் வைத்த 12 பேரில் 11 பேர் விமானிகளாக இருந்து அங்கே போனவர்கள். இவர் ஒருத்தர்தான் கல்லைப் படித்துவிட்டுப் போனவர். அதுவும் 1972 டிசம்பரில், அப்போலோ 17-இல், அதாவது கடைசி வண்டியில். அதற்கப்புறம் அங்கே மனிதர் யாரும் இறங்கவில்லை.

இந்தக் கதையைப் பெரும்பாலும் "விஞ்ஞானி போனார், ஆரஞ்சு மண்ணைக் கண்டுபிடித்தார்" என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் முக்கியமான பாதி அதில் விட்டுப்போகிறது. அவர் நிலவில் இருந்தது சுமார் 75 மணி நேரம். அதற்கு முன்னால், போகவே முடியாதோ என்ற நிலையில் தரையில் கழித்த வருடங்கள் ஆறுக்கு மேல். என் கணக்கில் அந்த ஆறு வருடத்தில் செய்த வேலைதான் பெரியது. ஏன் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

கல்லோடு வளர்ந்தவர்

பிறந்தது 1935-இல், நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ரீட்டா என்ற சுரங்க ஊரில். வளர்ந்தது பக்கத்திலேயே சில்வர் சிட்டியில். அப்பா சுரங்க நிலவியலாளர், ஆகவே வீட்டுக்குள்ளேயே கல் பேச்சுதான். 1957-இல் கால்டெக்கில் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) பட்டம், அப்புறம் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் ஒரு வருடம் நார்வே. அங்கே மலைப்பாறைகளில் அலைந்து திரட்டியதை வைத்துத்தான் 1964-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினார்.

அதே வருடம் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில், அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் விண்நிலவியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பிரிவைக் கட்டி எழுப்பியவர் யூஜின் ஷூமேக்கர். நிலவுக்குப் போக வேண்டும் என்பது ஷூமேக்கரின் வாழ்நாள் ஆசை. ஆனால் அவருக்கு அடிசன் நோய், அட்ரினல் சுரப்பியில் வருகிற கோளாறு. மருத்துவத் தேர்வில் தேறவே வாய்ப்பில்லை. ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மற்றவர்களை அனுப்புகிற வேலையில் இறங்கிவிட்டார். (1997-இல் அவர் இறந்தபின் அஸ்தியில் ஒரு சிட்டிகையை லூனார் பிராஸ்பெக்டர் விண்கலம் கொண்டுபோனது. 1999 ஜூலையில் அந்தக் கலம் நிலவில் மோதி விழுந்தது. ஆள் கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.)

ஷ்மிட்டுக்குக் கொடுக்கப்பட்ட வேலை இதுதான்: நிலவில் ஒரு ஆள் இறங்கினால் அங்கே களப்பணி எப்படிச் செய்வது? எந்தக் கருவியை எடுத்துப் போவது, கல்லை எடுப்பதற்கு முன் எப்படிப் படம் எடுப்பது, எதைப் பார்த்து எதைக் குறிப்பது. யாரும் போகாத இடத்துக்கான வேலைமுறையை யாரோ ஒருவருக்காக எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் அறிவிப்பு வந்தது.

ஆறு பேர், ஒரு இருக்கையும் இல்லை

1964 அக்டோபரில் நாசா முதல்முறையாக விஞ்ஞானிகளிடமிருந்து விண்ணப்பம் கேட்டது. அதுவரை விமானம் ஓட்டிய அனுபவம் இல்லாமல் உள்ளேயே நுழைய முடியாது. தமிழில் நாம் "விண்வெளி வீரர்" என்கிறோமே, அந்த "வீரர்" அந்தக் காலத்து நாசாவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். சோதனை விமானிகளின் உலகம் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். தேசிய அறிவியல் கழகம் சலித்து 16 பேரை அனுப்பியது. 1965 ஜூனில் நாசா எடுத்தது ஆறே பேரை.

ஓவன் கேரியட், எட்வர்ட் கிப்சன், டுவேன் கிரேவ்லைன், ஜோசப் கெர்வின், கர்ட் மிஷெல், ஹாரிசன் ஷ்மிட். ஆறு பேரில் நிலவியலாளர் ஒருவர். போகப்போவது கல்லும் மண்ணும் மட்டுமே உள்ள ஒரு இடத்துக்கு, அப்படி இருந்தும் ஒருவர்தான்!

முதல் வேலையாக, ஏற்கெனவே விமானம் ஓட்டத் தெரிந்த இரண்டு பேரைத் தவிர மற்றவர்களை விமானப்படைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், 53 வாரம். ஷ்மிட்டும் ஜெட் ஓட்டக் கற்றுக்கொண்டார், பின்னால் ஹெலிகாப்டரும். இதைக் கேலியாகச் சொல்கிறவர்கள் உண்டு: பாறை நிபுணரை எடுத்து ஒரு வருடம் ஜெட் ஓட்ட வைத்தார்கள் என்று. ஆனால் நியாயமும் இருந்தது. நிலவில் இறங்குகிற கலத்தில் இரண்டே பேர். ஒருவர் கையில் கட்டுப்பாடு, அடுத்தவர் உயரம், வேகம், எரிபொருள், எச்சரிக்கை விளக்கு எல்லாவற்றையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே பயணி என்ற இருக்கை கிடையாது.

அந்த ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். கிரேவ்லைன் சில மாதங்களிலேயே விலகினார். மிஷெல் இயற்பியலாளர், நான்கு வருடம் காத்திருந்து பார்த்துவிட்டு 1969-இல் பல்கலைக்கழக வேலைக்கே திரும்பினார். கெர்வின், கேரியட், கிப்சன் மூவருக்கும் 1973-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் இடம் கிடைத்தது, எட்டு வருடக் காத்திருப்புக்குப் பின். 1967-இல் இன்னும் 11 விஞ்ஞானிகளை எடுத்தார்கள். அவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட செல்லப்பெயர் "உபரி பதினொருவர்". அந்தப் பெயரே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

இருக்கை இல்லாத ஆள் செய்த வேலை

இங்கேதான் ஷ்மிட்டைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. என்னை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டுக்கொண்டு உட்காராமல், போகப்போகிறவர்களைக் கல் பார்க்க வைக்கிற வேலையைக் கையில் எடுத்தார்.

விமானிகளுக்கு நிலவியல் வகுப்பு அதற்கு முன்பே நடந்துகொண்டுதான் இருந்தது. பிரச்சினை, வகுப்பாகவே நடந்தது. கனிமத்தின் பெயர், பாறையின் பெயர், பட்டியல் பட்டியலாக. சோதனை விமானிக்கு அதில் என்ன ருசி இருக்கும்? கொட்டாவிதான். ஷ்மிட்டுக்குக் கால்டெக்கில் லீ சில்வர் என்று ஒரு பேராசிரியரைத் தெரியும், களத்தில் மாணவர்களை வசியம் பண்ணுகிற வகை. அப்போலோ 13-க்குத் தயாராகிக்கொண்டிருந்த லவல், ஹெய்ஸ் இருவரிடமும் பேசிச் சம்மதிக்க வைத்தார். மாற்றுக் குழுவின் ஜான் யங், சார்லஸ் டியூக் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். 1969 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஒரோகோப்பியா மலைப் பாலைவனத்தில் ஒரு வாரம் முகாம்.

சில்வர் அங்கே பாடம் நடத்தவில்லை. ஒரு இடத்தைக் காட்டி, என்ன தெரிகிறது, சொல்லுங்கள் என்றார். எந்தப் பாறை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, எது முதலில் வந்தது, அந்த ஒரு கல் மட்டும் ஏன் சுற்றியிருப்பவற்றோடு ஒட்டாமல் இருக்கிறது. இதை இடத்தைப் பார்க்காத ஒருவருக்குப் புரிகிற மாதிரி வாயால் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிலவில் இருந்து ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகப்போவது பெரும்பாலும் குரல்தான். விமானிகளுக்கு இது பிடித்துப்போனது. பார்ப்பது, சட்டென்று முடிவெடுப்பது, சுருக்கமாக ரேடியோவில் சொல்வது, மூன்றும் அவர்கள் தொழிலில் ஏற்கெனவே ஊறிப்போனவை.

பலன் கிடைத்ததா? அப்போலோ 13 நடுவழியில் விபத்தாகி நிலவில் இறங்கவே இல்லை. அப்போலோ 14-இல் ஷெப்பர்டும் மிட்செலும் கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி மூச்சிரைக்க ஏறி, அதன் வெகு அருகில்வரை போய், அது தெரியாமலேயே திரும்பினார்கள். அதற்கடுத்த அப்போலோ 15-தான் திருப்பம். சில்வரின் கையில் நன்றாகத் தேறிய டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் 1971-இல் அங்கே போனார்கள். 400 கோடி ஆண்டுக்கும் மேல் பழமையான, நிலவின் ஆதி மேலோட்டைச் சேர்ந்த வெள்ளைக் கல்லைப் பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று சொல்லி எடுத்தார்கள்.

அதே பயணத்தில் இன்னொன்று நடந்தது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். முதல் நாள் வேலை முடிந்து, நிலவில் ஓட்டுவதற்கென்றே கொண்டுபோன வண்டியில் திரும்புகிறார்கள், நிற்க நேரமில்லை என்று கட்டளை. வழியில் துளைத்துளையாக ஒரு கருங்கல் ஸ்காட் கண்ணில் படுகிறது. கேட்டால் அனுமதி கிடைக்காது. சீட் பெல்ட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி வண்டியை நிறுத்துகிறார். இர்வின் சுற்றியுள்ள பள்ளங்களைப் பற்றி ரேடியோவில் பேச்சை வளர்க்கிறார். ஸ்காட் இறங்கிக் கல்லை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஒரு போர் விமானி கல்லுக்காகப் பொய் சொல்கிறார் என்றால் பயிற்சி எவ்வளவு ஆழமாக ஏறியிருக்க வேண்டும்!

அப்போலோ 16-ஐயும் சொல்லியாக வேண்டும். இறங்கப்போகிற டெகார்ட் மேட்டுநிலம் எரிமலைப் பாறை என்பது பூமியில் இருந்த நிபுணர்களின் கணிப்பு. ஒரோகோப்பியாவில் பயின்ற அதே யங்கும் டியூக்கும் போய் இறங்கிப் பார்த்தால் எரிமலைக் கல்லே கண்ணில் படவில்லை, மோதலில் நொறுங்கி ஒட்டிய கலவைக் கற்கள்தான். அங்கே நின்றபடியே அதைச் சொன்னார்கள். நிபுணர்களின் கணிப்பைக் களத்திலேயே திருத்துகிற அளவுக்கு இரண்டு விமானிகள் வந்துவிட்டார்கள். இதில் சில்வருக்கும் மற்ற பயிற்சியாளர்களுக்கும் நிறையப் பங்கு உண்டு, ஷ்மிட் ஒருவரே செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாசாவுக்குள் இருந்துகொண்டு கதவைத் திறந்துவிட்டது அவர்தான்.

அந்த இருக்கை கிடைத்த விதம்

அப்போது நடைமுறையில் இருந்த சுழற்சி எளிது. ஒரு பயணத்துக்கு மாற்றுக் குழுவாக இருந்தால், மூன்று பயணம் தள்ளி நீங்கள்தான் பிரதானக் குழு. ஷ்மிட் அப்போலோ 15-இன் மாற்றுக் குழுவில் இருந்தார், ரிச்சர்ட் கார்டன், வான்ஸ் பிராண்டு இருவரோடும். ஆக, அப்போலோ 18. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

1970 செப்டம்பரில் பட்ஜெட் வெட்டு விழுந்தது. அப்போலோ 17-தான் கடைசி. அதற்குச் சுழற்சிப்படி தலைவர் செர்னான், கூடவே எவன்ஸ், எங்கிள். ஷ்மிட்டின் பயணமே பட்டியலில் இல்லை.

அறிவியல் வட்டாரம் கொதித்துப்போனது. இத்தனை கோடி கொட்டி நிலவுக்குப் போய், ஒரு விஞ்ஞானியைக்கூட இறக்காமல் கடையை மூடப்போகிறீர்களா என்ற கேள்விக்கு நாசாவிடம் பதில் இல்லை. 1971 ஆகஸ்டில் அறிவித்தார்கள்: ஜோ எங்கிள் வெளியே, ஷ்மிட் உள்ளே.

எங்கிள் சாதாரண ஆள் இல்லை. எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தை 16 முறை ஓட்டியவர், அதில் மூன்று முறை 50 மைல் உயரத்தைத் தாண்டி, நாசாவுக்கு வரும் முன்பே விமானப்படையின் விண்வெளிச் சின்னத்தை வாங்கியவர். அவர் பக்கம் எந்தத் தப்பும் இல்லை, வரிசையில் நின்று உரிய இடத்தைப் பெற்றவர். தன் கூட்டாளியை மாற்றியதில் செர்னானுக்கு ஆரம்பத்தில் வருத்தம்தான். முடிவு சரி என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் அது நியாயமாக நடந்தது என்று சொல்ல வாய் வராது. விஞ்ஞானியை அனுப்புவது அவ்வளவு அவசியம் என்றால் அதை மூன்று பயணத்துக்கு முன்பே திட்டமிட்டிருக்கலாம், கடைசி நிமிடத்தில் ஒருவரைத் தள்ளிவிட்டு இன்னொருவரை ஏற்ற வேண்டியிருந்திருக்காது. எங்கிள் பெருந்தன்மையாக விலகினார். 1981-இல் விண்வெளி ஓடத்தின் இரண்டாவது பயணத்துக்குத் தலைமை தாங்கிப் போனார்.

இடையில் ஷ்மிட் இன்னொரு வம்பும் பண்ணினார். கடைசிப் பயணம்தானே, நிலவின் மறுபக்கத்தில் சியோல்கோவ்ஸ்கி பள்ளத்தில் இறங்கலாம், தகவல் தொடர்புக்கு ஒரு செயற்கைக்கோளைச் சுற்றவிடலாம் என்று வாதாடினார். காசும் இல்லை, துணிச்சலும் இல்லை, நிராகரித்துவிட்டார்கள். டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கு முடிவானது.

ஷார்ட்டி விளிம்பில் அரை மணி நேரம்

1972 டிசம்பர் 7, நள்ளிரவு தாண்டி ஏவல். 11-ஆம் தேதி தரையிறக்கம். செர்னானும் ஷ்மிட்டும் மூன்று நாளில் மூன்று முறை வெளியே போனார்கள், மொத்தம் 22 மணி நேரம். வண்டியில் சுற்றியது சுமார் 35 கிலோமீட்டர், கொண்டுவந்த கல்லும் மண்ணும் 110 கிலோ. முதல் நாளே செர்னானின் சுத்தியல் மாட்டி வண்டியின் மட்கார்டு உடைந்தது, மறுநாள் நாலு வரைபடத் தாளை டேப்பால் ஒட்டிக் கிளிப் போட்டு மட்கார்டாக்கினார்கள். ஷ்மிட் பல தடவை தடுக்கி விழுந்தார். அதைப் பார்த்து ஹூஸ்டனில் இருந்து, பாலே நடனக் குழுக்காரர்கள் உங்களைக் கேட்டு ஃபோன் மேல் ஃபோன் போடுகிறார்கள் என்று கிண்டல் வந்தது. கிண்டலடித்தவர் ராபர்ட் பார்க்கர், வானியலாளர், உபரி பதினொருவரில் ஒருவர்!

இரண்டாம் நாள் பிற்பகுதியில் ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்புக்கு வந்தார்கள், குறுக்களவு சுமார் 110 மீட்டர். நேரம் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தது. வண்டி பழுதானால் மிச்சமிருக்கிற ஆக்சிஜனில் நடந்தே கலத்துக்குத் திரும்ப முடிய வேண்டும் என்பது விதி, அந்தக் கணக்கை மீற யாருக்கும் அதிகாரமில்லை. கிடைத்தது அரை மணி நேரம் சொச்சம்.

எங்கே பார்த்தாலும் சாம்பல் நிறம். படம் எடுத்துக்கொண்டு நகர்கிற ஷ்மிட், தன் பூட்ஸ் கிளறிவிட்ட இடத்தைப் பார்க்கிறார். ஆரஞ்சு. கத்துகிறார். நான் பார்க்கிறவரை தொடாதே என்கிறார் செர்னான். தங்கப்பூச்சுள்ள முகக்கண்ணாடி ஏமாற்றுகிறதோ என்று சந்தேகப்பட்டு, அதைத் தூக்கிவிட்டுப் பார்க்கிறார். அப்போதும் ஆரஞ்சுதான்.

அடுத்து நடந்ததுதான் இந்த ஆய்வின் மையம். ஷ்மிட் மனதில் உடனே ஒரு விளக்கம் ஓடியது: எரிமலை வாயு வெளியேறிய துளை, அதைச் சுற்றிய மண் துருவேறி நிறம் மாறியிருக்கிறது. அப்படியானால் நிலவில் சமீப காலத்தில் எரிமலை உயிரோடு இருந்திருக்கிறது, எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் தன் விளக்கம் சரியென்று நினைத்துக்கொண்டு ஒரு கைப்பிடி ஆரஞ்சு மண்ணை அள்ளிப் பையில் போட்டுவிட்டுக் கிளம்பவில்லை. குறுக்காக ஒரு சிறு பள்ளம் வெட்டினார்கள். நடுவில் இருந்த ஆரஞ்சிலிருந்து ஒன்று, பக்கத்துச் சாம்பல் மண்ணிலிருந்து தனியாக இன்னொன்று. எடுப்பதற்கு முன்னும் பின்னும் படம். கையுறைக்குள் விரல்கள் ஏற்கெனவே ஓய்ந்துபோயிருந்தன. அப்புறம் இரண்டு குழாயைச் சேர்த்து மண்ணுக்குள் அடித்து இறக்கினார்கள். வெளியே இழுத்தால் அடிமுனையில் இருந்தது ஆரஞ்சு இல்லை, கறுப்பு.

விளக்கம் தப்பு. பூமியில் நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது அது துருவே இல்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள கண்ணாடி மணிகள். சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை நீரூற்று மாதிரி பீய்ச்சி அடித்தபோது துளித்துளியாக உறைந்தவை, டைட்டானியம் கூடுதல் என்பதால் அந்த நிறம். கறுப்பும் அதே பொருள்தான், கொஞ்சம் நிதானமாக ஆறிப் படிகமானது. எரிமலைப் படிவு புதைந்து கிடந்தது, பிற்பாடு ஒரு விண்கல் விழுந்து ஷார்ட்டியைத் தோண்டியபோது மேலே வந்துவிட்டது. பள்ளம் எரிமலை வாயும் இல்லை, எரிமலை வெடித்தது சமீபத்திலும் இல்லை.

ஆனால் யாருக்கு என்ன நஷ்டம்? அடுக்கு குலையாமல் குழாயில் இருந்ததால்தான் கறுப்புக்கும் ஆரஞ்சுக்கும் உள்ள உறவே புரிந்தது. 2008-இல் அப்போலோ கொண்டுவந்த எரிமலைக் கண்ணாடி மணிகளில் நீரின் தடயம் கிடைத்தது. 2011-இல் ஷார்ட்டியின் ஆரஞ்சு மணிகளுக்குள் இருந்த படிகங்களில் சிறைப்பட்டிருந்த துளிகளை அளந்தபோது, பூமியின் மேல் மூடகத்தில் (மேலோட்டுக்குக் கீழே உள்ள அடுக்கில்) இருப்பதோடு ஒப்பிடக்கூடிய அளவுக்கு நீர் தெரிந்தது. நிலவு எலும்பு மாதிரி காய்ந்தது என்று 40 வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த கருத்து ஆட்டம் கண்டது. எடுத்தவர் எதிர்பார்க்காத கேள்விக்கு, அவர் எடுத்த மண் பதில் சொல்லியிருக்கிறது. தன் ஊகம் தப்பாகவே போனாலும் பொருள் வீணாகாதபடி எடுத்து வைப்பது களப்பணியில் ஊறியவர்களின் பழக்கம். ஸ்காட்டுக்கும் யங்குக்கும் பாலைவனத்தில் பழக்கியதும் இதையேதான்.

ஒரு விஞ்ஞானி போயிருக்காவிட்டால் ஆரஞ்சு மண் கிடைத்திருக்காதா என்று கேட்டால், நிறத்தை யாராலும் பார்த்திருக்க முடியும். ஸ்காட்டாக இருந்தாலும் வண்டியை நிறுத்தியிருப்பார், அதற்கு ஒரு பொய்யும் சொல்லியிருப்பார்!

திரும்பி வந்தபின்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1975-இல் நாசாவை விட்டார். 1976-இல் குடியரசுக் கட்சி சார்பில் நியூ மெக்சிகோவில் நின்று செனட்டர் ஆனார். 1982-இல் தோற்றார். எதிராளி ஜெஃப் பிங்கமன் பிரச்சாரத்தில் கேட்டது, இவர் பூமியில் உங்களுக்காக என்ன செய்தார் என்று. குத்தலான கேள்வி, வேலையும் செய்தது. பிறகு நிலவு மண்ணில் உள்ள ஹீலியம்-3-ஐத் தோண்டி எடுத்து அணுப்பிணைவு எரிபொருளாக்கலாம் என்று பல வருடம் பேசினார், எழுதினார். பருவநிலை மாற்றத்துக்கு மனிதர்கள் காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. அந்த விஷயத்தில் சான்றுகள் அவர் பக்கம் இல்லை, நிலவில் நடந்தவர் என்பதற்காக அதில் அவர் பேச்சுக்குக் கூடுதல் எடை கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு குழாயைப் பற்றி. ஷார்ட்டிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அதே நாளில், மலைச்சரிவு மண் பரவிய ஓரிடத்தில் இன்னொரு இரட்டைக் குழாயை இறக்கியிருந்தார்கள். அதன் கீழ்ப்பாதியை நிலவிலேயே வெற்றிடத்தில் வைத்து மூடிவிட்டார்கள். வருங்காலத்தில் நல்ல கருவிகள் வரட்டும் என்று பூமியிலும் அதைத் திறக்காமலே வைத்திருந்தார்கள். 2022-இன் தொடக்கத்தில்தான், உள்ளே அடைபட்டிருந்த வாயுவைப் பிடிப்பதற்கென்றே ஐரோப்பியர்கள் செய்த ஒரு துளைக்கருவியை வைத்து மெல்லத் துளைத்தார்கள். செர்னான் 2017-இலேயே போய்விட்டார். ஷ்மிட்டுக்கு அப்போது வயது 86.